கண்ணாக ஒரு நாய் கிடைக்குமா?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் சாயங்காலம். என் தம்பி முழங்கால் தேய்ந்து ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தான். வந்தான் என்று சொல்வதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார் என்பதே சரி. தெருமுனை டீக்கடைக்கு யாரிடமும் சொல்லாமல் கிளம்பியவன், மூடி இல்லாத சாக்கடைக் குழியில் காலை விட்டுவிட்டான்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நான் கூட வந்திருக்க மாட்டேனா கண்ணு?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"ஒரு டீ குடிக்கறதுக்குக் கூடவா ஆளைக் கூட்டிட்டுப் போகணும், அக்கா?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. மஞ்சள் பற்றுப் போடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

தம்பிக்கு இப்போது முப்பத்தாறு வயசு. பிறக்கும்போது நல்ல பார்வைதான். பத்தாவது படிக்கும்போதே இருட்டினால் தடுமாறுவான். "மாலைக்கண், கீரை சாப்பிட்டாச் சரியாப் போகும்" என்று அம்மா பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையுமாக ஆக்கிப் போட்டாள். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரிதான். ஆனால் அவனுக்கு வந்தது விழித்திரையே கொஞ்சங்கொஞ்சமாகக் கெட்டுப்போகிற பரம்பரை நோய். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது வர வாய்ப்பு அதிகம். எங்கள் அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள்! உங்கள் வீட்டில் பிள்ளைகள் அந்தி நேரத்தில் தட்டுத் தடுமாறினால், கீரையோடு நிறுத்திவிடாமல் கண் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். பார்வை போனதும் வேலையும் போயிற்று. அம்மா காலமான பிறகு சேலத்தில் எங்களோடுதான் இருக்கிறான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, ஒன்பதாவது படிக்கும் என் மகள் கேட்டாள். "மாமா, வெளிநாட்டுலயெல்லாம் கண்ணு தெரியாதவங்களை நாயே ரோட்டுல கூட்டிட்டுப் போகுமாம். நம்ம மணியைப் பழக்கிக்கலாமா?"

மணி எங்கள் வீட்டு நாட்டு நாய். வாசலில் படுத்திருந்தது, பேரைக் கேட்டதும் வாலை ஆட்டியது. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "மணி கூட்டிட்டுப் போனா நேராக் கறிக்கடைக்குத்தான் போய்ச் சேரணும்!"

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "நிஜமாவே அப்படி நாய் கிடைக்குமா, அக்கா?" என்று கேட்டான். அந்தக் குரலுக்காகத்தான் நானும் மகளும் தேடிப் படித்தோம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த, எங்கள் உறவுக்கார டாக்டர் ஒருவரையும் போய்க் கேட்டோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெண்கள் தொடங்கிய காரியம்

முதல் உலக யுத்தத்தில் கண்ணை இழந்த போர்வீரர்களுக்காக, 1916-ல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னாளில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் நடந்த பயிற்சியைப் பற்றி டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். ஸ்விட்சர்லாந்தில் குடியிருந்துகொண்டு நாய் வளர்த்துப் பழக்கியவர் அவர்.

அந்தக் கட்டுரையை அமெரிக்காவில் ஓர் அப்பா தன் மகனுக்குப் படித்துக் காட்டினார். மகன் மாரிஸ் ஃபிராங்குக்குச் சின்ன வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணும், பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மறு கண்ணும் போயிருந்தன. 'எனக்கு உதவுங்கள், நான் மற்றவர்களுக்கு உதவுகிறேன்' என்கிற விதமாக அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுதினார். 1928-ல் கடல் கடந்து போய் 'படி' என்ற நாயோடு திரும்பினார். நியூயார்க்கில் நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் பறக்கிற பெரிய சாலையை அந்த நாயை மட்டும் நம்பிக் கடந்தார். 'வெற்றி' என்று ஒரே வார்த்தையில் யூஸ்டிஸ் அம்மாளுக்குத் தந்தி அடித்தாராம். மறு வருஷமே, 1929-ல், 'ஸீயிங் ஐ' என்ற பள்ளி அமெரிக்காவில் ஆரம்பமாயிற்று. இன்றும் நடக்கிறது.

இங்கிலாந்திலும் மியூரியல் க்ரூக், ரோஸமண்ட் பாண்ட் என்ற இரண்டு பெண்கள்தான் இதற்கு வித்திட்டவர்கள். 1931-ல் ஜூடி, ஃப்ளாஷ், ஃபாலி, மெட்டா என்ற நான்கு நாய்கள் அங்கே முதல் முதலாகப் பயிற்சி முடித்து நான்கு பேருக்குத் துணையாயின.

அடுப்பங்கரையில் முதல் வகுப்பு

எங்களை ஆச்சரியப்படுத்தியது இனிமேல் சொல்லப்போவதுதான். இந்த நாய்கள் பள்ளிக்கூடத்துக் கூண்டில் வளர்வதில்லை. குட்டிக்கு ஏழெட்டு வாரம் ஆனதும் ஒரு சாதாரணக் குடும்பத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1942-லிருந்தும், இங்கிலாந்தில் 1956-லிருந்தும் இந்த வழக்கம் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் குட்டி அந்த வீட்டிலேயே வளரும்.

அந்த வீட்டார் அதற்கு வழி காட்டுவதைச் சொல்லித் தருவதில்லை. நல்ல பழக்கங்களைத்தான் சொல்லித் தருகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் வாய் வைக்கக் கூடாது. வந்தவர்கள் மேல் தாவக் கூடாது. சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில்தான் 'வெளிக்குப்' போக வேண்டும். பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் எத்தனை கூட்டம் இருந்தாலும் காலடியில் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தாலும், லாரி ஹாரன் அடித்தாலும் மிரளக் கூடாது. பூனையைப் பார்த்தாலும் துரத்தக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு நாம் மாரடிக்கிற அதே பாடம்தானே!

பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போய்விடுவார்கள். அங்கே சில மாதம் கடும் பயிற்சி. கைப்பிடி வைத்த வாரை முதுகில் மாட்டிக்கொண்டு, நடைபாதை முடிகிற விளிம்பில் நிற்பது, கம்பத்தையும் பள்ளத்தையும் சுற்றிப் போவது, தலையில் இடிக்கிற கிளையைக்கூடக் கணக்கில் வைத்து விலகுவது என்று ஒவ்வொன்றாகப் பழக்குவார்கள். கடைசியில், அந்த நாயின் குணத்துக்கும் நடைக்கும் பொருத்தமான ஓர் ஆளைத் தேடி, இருவரையும் சேர்த்து மூன்று நான்கு வாரம் பயிற்சி. ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான்.

"வளர்த்தவங்க அழ மாட்டாங்களா அம்மா?" என்றாள் மகள். அழத்தான் செய்வார்கள். பெண்ணைப் பெற்று, வளர்த்து, நல்ல இடம் பார்த்துக் கட்டிக் கொடுக்கிறபோது நாம் அழுவதில்லையா? அழுதாலும், அவள் போய்த்தான் ஆக வேண்டும், அதற்காகத்தானே வளர்த்தோம்!

எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. பயந்த சுபாவம், இடுப்பு எலும்பில் கோளாறு, பூனையைக் கண்டால் நிற்க முடியாத சபலம் என்று பல குட்டிகள் பாதியில் நின்றுவிடும். தேறிய நாயும் ஆறேழு வருஷம், மிஞ்சினால் எட்டு வருஷம் உழைக்கும். பிறகு அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டு வேறு நாய் பழக்க வேண்டும். அதனால்தான் கேட்பவர்கள் பலர், கிடைக்கிற நாய்கள் சில. ஒரு நாய்க்கு ஆகிற செலவு நம் பணத்தில் பல லட்சம். ஆனால் 'ஸீயிங் ஐ' பள்ளியில் முதல் நாய்க்கு 150 டாலர்தான் வாங்குகிறார்கள். மீதியெல்லாம் ஜனங்கள் கொடுக்கிற நன்கொடை.

நம் மணிக்கு முடியாதா?

டாக்டர் மணியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "மணி புத்திசாலிதானுங்க. ஆனா அஞ்சு வயசாச்சு. தெருவுல இன்னொரு நாயைக் கண்டா சண்டைக்குப் போகும், கோழியைக் கண்டாத் துரத்தும். உங்க தம்பி கையில கயிறு இருக்கும்போது அது ஒரு தடவை பாய்ஞ்சாப் போதும், அவரு கீழே விழுந்துருவாரு."

நம் பெருமைக்குரிய ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை நாய்களைப் பற்றியும் கேட்டேன். ராஜபாளையம் நாயின் படம் 2005-ல் தபால்தலையிலேயே வந்திருக்கிறது. ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அன்னியரை எளிதில் அண்ட விடாது. ஓடுகிறதைக் கண்டால் துரத்தும். வழிகாட்டும் வேலைக்கு லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் மாதிரியான சாது ஜாதிகளையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்டும் உண்டு.

இன்னொரு விஷயம். 'வீட்டுக்குப் போ' என்றால் நாய் டாக்ஸி மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. எந்தத் தெரு, எத்தனையாவது திருப்பம் என்பதெல்லாம் மனுஷனின் மனசில் இருக்க வேண்டும். அவர் 'நேரே', 'இடது', 'வலது' என்று சொல்ல, நாய் இடைஞ்சல்களைத் தவிர்த்து நடத்திப் போகும். சிக்னல் விளக்குப் பார்த்து நாய் போவதில்லை. சிவப்பும் பச்சையும் அதன் கண்ணுக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு மனுஷன்தான் 'போ' என்கிறார். அப்போது ஒரு வண்டி வந்துவிட்டால், நாய் அந்தச் சொல்லை மீறி அசையாமல் நின்றுவிடும். சொன்னதைக் கேட்கப் பழக்கிவிட்டு, எப்போது கேட்கக் கூடாது என்றும் பழக்குகிறார்களே, அதுதான் பெரிய வித்தை.

நம் ஊர்த் தெருவும் நாயும்

நம் நாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முயற்சிகள் நடந்திருக்கின்றனவே தவிர, வேண்டியவர்களுக்கெல்லாம் வருஷா வருஷம் நாய் கொடுக்கிற பெரிய பள்ளி வேர்விடவில்லை. சென்னையில், விமானி சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, சாதுவான வீட்டு நாய்களை விசேஷக் குழந்தைகளின் பள்ளிகளுக்குக் கூட்டிப்போய் அவர்களை மகிழ்விக்கிற 'டாக்டர் டாக்' திட்டத்தை நடத்தியது. அது மனசுக்கு மருந்து. வழி காட்டுகிற வேலை வேறு.

ஏன் இங்கே வேர்விடவில்லை என்பதற்கு, சேலம் ஐந்து ரோட்டில் ஒரு நாள் நின்று பார்த்தாலே போதும். நடைபாதை விளிம்பில் நிற்கப் பழகிய நாய், நடைபாதையே இல்லாத இடத்தில் எங்கே நிற்கும்? நடைபாதை இருந்தாலும் பைக்கும் பூக்கடையும் பாதியை அடைத்திருக்கும். தெருவுக்குத் தெரு நாய்க்கூட்டம். கத்திரி வெயிலில் கொதிக்கிற தார் ரோடு, நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். (வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி நம்மால் பொறுக்க முடியாவிட்டால் அதற்கும் முடியாது.) இத்தனையும் தாண்டி வந்தால், "நாயை உள்ளே விடமாட்டோம்" என்று ஹோட்டலும் பஸ்ஸும் சொல்லும்.

சிங்கப்பூரும் வெயில் ஊர்தான். நம் தமிழர்களும் நிறைய இருக்கிற ஊர். அங்கே கஸாண்ட்ரா சியூ என்ற பெண்மணி, எஸ்மே என்ற வழிகாட்டி நாயுடன் வெளியே நடந்த முதல் பெண் என்று பேர் பெற்றவர். தொடக்கத்தில் அவருக்கும் கடைகளிலும் உணவகங்களிலும் எதிர்ப்பு இருந்தது. வழிகாட்டி நாய்க்கு பஸ்ஸிலும் ரயிலிலும் உணவகத்திலும் அங்கே விதிப்படி அனுமதி உண்டு. ஆனாலும் ஜனங்கள் மனசு பழகத்தான் நாளாயிற்று. நாம் வைரவர் சன்னிதியில் நாய் வாகனத்தைக் கும்பிடுகிறவர்கள். 'நாய் வராவிட்டால் சொர்க்கமும் வேண்டாம்' என்ற தருமபுத்திரர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள். நமக்கும் மனசு பழகாதா என்ன!

நாய்க்கு முன்னால் கைத்தடி

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் அவனை நிமிர்ந்து உட்காரவைத்தது. வழிகாட்டி நாய் தரும் பள்ளிகள், நாய் கேட்டு வருகிறவர் முதலில் வெள்ளைக் கைத்தடியோடு தனியாக நடக்கப் பழகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. வழியை மனசில் வாங்கத் தெரியாதவருக்கு நாய் இருந்தும் பிரயோஜனமில்லை.

"அப்ப நான் இன்னும் ஒண்ணாங் கிளாஸே சேரலையா, அக்கா?" என்றான்.

உண்மைதான். அவனைச் சேர விடாதது நான்தான். கைத்தடி எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள், விழுந்துவிடுவான், 'அக்கா இருக்கிறபோது என்ன குறை' என்று அவன் கையை விடாமல் பிடித்து வைத்திருந்தேன்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக் கைத்தடி வாங்கினோம். பயிற்சி கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வந்து பழக்கினார். தடியின் உயரம் நெஞ்சுக்குழி வரை இருக்க வேண்டுமாம். இடது கால் முன்னே போகும்போது தடியின் நுனி வலது பக்கம் தட்ட வேண்டும். வலது காலுக்கு இடது பக்கம். அடுத்த கால் எங்கே விழப்போகிறதோ, அந்த இடத்தைத் தடி முன்கூட்டியே பார்த்துவிடும். இரண்டாம் உலக யுத்தத்தில் கண்ணிழந்த வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில் வகுத்த முறையாம் இது. தடிக்கு வெள்ளை நிறம் தந்து, 1931-ல் பாரிஸ் நகரில் ஆயிரக்கணக்கில் வழங்கச் செய்தவரும் ஒரு பெண்மணிதான், பெயர் கில்லி டெர்ப்மோன்.

தடிக்குத் தரை தெரியும். தலைக்கு நேரே நீட்டிய கம்பி தெரியாது. அதற்கும் டெல்லி ஐ.ஐ.டி.யில் வழி கண்டிருக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே எதிர்ப்படும் இடைஞ்சலை ஒலியலையால் கண்டுபிடித்து, கைப்பிடியில் அதிர்வு கொடுக்கிற 'ஸ்மார்ட்கேன்' 2014-ல் வெளிவந்தது. அதைத் தயாரித்தது சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் கம்பெனி.

பயிற்சி ஆன மூன்றாவது வாரம் தம்பி தனியாக டீக்கடைக்குக் கிளம்பினான். வீட்டு வாசலிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு அடி என்று எண்ணி வைத்திருந்தான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சத்தம் போடாமல் பத்தடி பின்னாலேயே போனேன். பாதி வழியில் நின்றான்.

"அக்கா, மெட்டி சத்தம் கேக்குது. வீட்டுக்குப் போ சாமி" என்றான், திரும்பாமலேயே.

நின்றுவிட்டேன். குட்டியை வளர்த்துத் திருப்பிக் கொடுக்கிற அந்த ஊர்ப் பெண்களின் ஞாபகம் வந்தது. அழுகையோடுதான் திரும்பினேன். ஆனாலும் திரும்பிவிட்டேன்.

நாம் செய்யக் கூடியவை

சகோதரிகளே, வழிகாட்டி நாய் நம் ஊருக்கு வருகிறபோது வரட்டும். அதற்குள் நம் கையில் இருப்பவை இவை:

1. ரோட்டில் பார்வையில்லாதவரைக் கண்டால் பிடித்து இழுக்காதீர்கள். "உதவி வேணுங்களா?" என்று முதலில் கேளுங்கள்.

2. வேண்டும் என்றால், உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள்.

3. 'அங்கே', 'இங்கே' என்று சொல்லாமல் 'உங்க இடது கைப்பக்கம்', 'நாலடி முன்னால' என்று சொல்லுங்கள்.

4. வீட்டில் கதவை ஒன்று முழுக்கத் திறந்து வையுங்கள், அல்லது முழுக்க மூடுங்கள். பாதி திறந்த கதவு நெற்றியைப் பதம் பார்க்கும். சாமான்களைச் சொல்லாமல் இடம் மாற்றாதீர்கள்.

5. வாசலில் பைக்கைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். மூடி இல்லாத சாக்கடைக் குழி இருந்தால், தெருப் பெண்கள் சேர்ந்து மனுக் கொடுங்கள். நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் நடந்த பிறகு எங்கள் தெருக் குழிக்குக் கல் போட்டார்கள்.

6. வெளியூரிலோ வெளிநாட்டிலோ வார் மாட்டிய வழிகாட்டி நாயைக் கண்டால், கொஞ்சாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். அது வேலையில் இருக்கிறது.

7. வீட்டு நாய்க்குத் தவறாமல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள், கட்டுக்குள் வையுங்கள். கைத்தடியைக் கண்டு குரைத்துப் பாய்கிற நாய், பார்வையில்லாதவருக்குப் பெரிய எமன்.

இப்போது தினமும் காலை ஆறரை மணிக்குத் தம்பி டீக்கடைக்குப் போகிறான். மணியும் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே போகிறது. வழியெல்லாம் காட்டுவதில்லை, கடையில் ஒரு வர்க்கி கிடைக்கும் என்றுதான் போகிறது. "நான்தான் அக்கா இதைக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறான் தம்பி.

என் மகள் மட்டும் ஒரு பேச்சு வாங்கி வைத்திருக்கிறாள். என்றைக்காவது நம் பக்கத்தில் வழிகாட்டி நாய்ப் பள்ளி வந்து, குட்டி வளர்க்க வீடு தேடினால், முதல் குட்டி எங்கள் வீட்டில்தான் வளர வேண்டுமாம். திருப்பிக் கொடுக்கிற அன்று யார் அழுவது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வளர்க்க நான் தயார்.